பழைய வாகனங்களுக்கேற்ற கியர் எண்ணெய்

மசகிடாது நெடுவழி புறப்பட்ட மாட்டுவண்டி அரைக் கட்டை செல்லுமுன்னரே அலறத் தொடங்கிவிடும். ஊர் முழுதும் கேட்கும்படி அது முறையிடுதலால், வண்டிக்காரன் வெட்கத்திற்காயினும் இறங்கி மசகிடுவான். மோட்டார் வாகனத்தின் கியர்ப்பெட்டியும் டிபறன்சலும் அவ்வாறு முறையிடுவன அல்ல. அவை இரும்பு உறைகளுள் மூடப்பட்டு, கண்ணிற்படாது வாகனத்தின் அடியிற் கிடப்பன. அவற்றின் குரல் காதில் விழும் நாளிற் பற்களின் மேற்பரப்பு உரிந்தேயிருக்கும். இயந்திர எண்ணெயைக் காலைதோறும் கோலிட்டுப் பார்ப்போருட் பலர், பின்னச்சினுள் இருக்கும் எண்ணெய் யாது, அது எவ்வளவு, எப்பொழுது மாற்றப்பட்டது என்று வினவினால் விடை கூறமாட்டார். வாகனத்தை விற்றவன் ஊற்றிய எண்ணெயே இன்றும் உள்ளே கிடக்கும்.

வேறு நாடுகளில் இஃது அத்துணைப் பெரிய குற்றமன்று. அங்குப் பழைய வாகனம் பழுதுற்றாற் கழித்துவிட்டு வேறொன்று வாங்குவர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாகனம் கழிக்கப்படுவதில்லை; அது தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்த 1970 முதல் 1977 வரையான ஆண்டுகளில், ஒஸ்ரின், மொறிஸ், லண்ட் றோவர், பெட்போட் முதலிய பிரித்தானிய வாகனங்களைப் பேணுவதன்றி வேறு வழி இருக்கவில்லை. 1990இல் தொடங்கிய போர்க்காலத் தடைகளால் அந்நிலை இன்னும் நீண்டது. பின்னர் நாடு பொருளாதார நெருக்கடியிற் சிக்கியபோது, 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை நீங்கியது 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே. மூன்று முறை இவ்வாறு கதவடைக்கப்பட்ட நாட்டில், பழைய லொறியும் பழைய ஜீப்பும் பலருக்குப் பொழுதுபோக்கல்ல. வெங்காயமும் புகையிலையும் சந்தைக்குச் செல்வதும், அதனால் ஒரு குடும்பம் உண்பதும் அவற்றைப் பொறுத்தனவே. உப்பு வாணிகம் செய்த சங்க காலத்து உமணர், வழியில் அச்சு முறியக்கூடும் என்று கருதி, வண்டியின் கீழே சேமவச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர் என அறிகின்றோம். நமக்குச் சேமமாக ஒரு டிபறன்சல் கிடைப்பது அரிது. ஆகவே உள்ளதைக் காக்கும் எண்ணெயைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறுவாம்.

இயந்திரத்தின் சுழற்சி கியர்ப்பெட்டியினூடாக வந்து, நீண்ட தண்டு வழியே பின்னச்சை அடைகின்றது. அங்கே அது செங்கோணத்தில் திரும்பி இரு சில்லுகளுக்கும் பிரிய வேண்டும். திருப்புவது ஒரு சிறு பினியனும் அதனோடு பொருந்திய பெரிய முடிச்சக்கரமும். முற்காலத்து வாகனங்களிற் பினியனின் மையம் முடிச்சக்கரத்தின் மையத்தோடு ஒரே மட்டத்தில் இருந்தது. அமெரிக்கப் பக்காட் நிறுவனத்தார் 1926இல் பினியனைக் கீழே தாழ்த்தி அமைக்கும் ஹைப்போயிட் முறையைக் கொண்டுவந்தனர். தண்டு தாழ்ந்தமையால் வாகனத்தின் தளமும் தாழ்ந்தது, பினியன் பருத்து வலுப்பெற்றது, ஓசையும் குறைந்தது. ஆயின் இந்நன்மைகளுக்கு ஒரு விலை உண்டு. நேரே உருண்டு பொருந்திய பற்கள், இம்முறையிற் பெரும் அழுத்தத்தின் கீழ் ஒன்றின்மேல் ஒன்று நீளவாக்கில் வழுக்குகின்றன. அவ்வழுத்தத்தைச் சாதாரண எண்ணெய்ப் படலம் தாங்காது. படலம் கிழிந்தவிடத்து இரும்பும் இரும்பும் உரசி, ஒரு கணம் பற்றி ஒட்டி, மறுகணம் பிய்ந்து வரும்.

இதனைத் தடுப்பதற்காகவே கந்தகமும் பொசுபரசும் கொண்ட சேர்பொருள்களை எண்ணெயிற் கலக்கின்றனர். உரசும் இடத்திற் பிறக்கும் வெப்பத்தால் அச்சேர்பொருள்கள் இரும்போடு வேதியல் முறையிற் கூடி, மிக மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்கும். பல்லுக்குப் பதிலாக அத்தோலே தேயும். தேய்ந்த இடத்தில் மீண்டும் தோன்றும். கியர் எண்ணெய்த் தகரத்தைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் இக்கந்தகத்தினதே. கொள்கலத்தில் ஈ.பி. என்று பொறித்திருப்பது, மிகையழுத்தம் தாங்கவல்லது என்பதற்கு அடையாளம்.

இவ்வளவு நன்மை செய்யும் பொருளை எல்லாவிடத்தும் ஊற்றினால் என்ன என்று கேட்கலாம். தவறு பெரும்பாலும் இங்கேதான் நேர்கின்றது. டிபறன்சல் உருக்கினால் ஆனது. கியர்ப்பெட்டியோ உருக்கோடு வெண்கலமும் பித்தளையும் கலந்தது. கியர் மாற்றும்போது இரு சக்கரங்களின் வேகத்தையும் சமப்படுத்தி ஓசையின்றிப் பொருத்துகின்ற சிங்கிறோமெஷ் வளையங்கள், பழைய வாகனங்களிற் பெரும்பாலும் செப்புக் கலப்புலோகத்தாற் செய்யப்பட்டவை. இரும்பைக் காக்கும் அதே கந்தகம், எண்ணெய் சூடேறுங்காற் செம்பைக் கறுக்கச் செய்து மெல்ல அரிக்கும். மற்றொரு கேடும் உண்டு. அவ்வளையம் தன் வேலையைச் செய்வதற்குச் சற்று உராய்வு வேண்டும்; சக்கரத்தின் கூம்பைப் பிடித்து நிறுத்துவது அவ்வுராய்வே. மிகைச் சேர்பொருள் கொண்ட எண்ணெயில் அது பிடிகொள்ளாது வழுக்கும். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு இறக்கும்போது கரகரவென்று பற்கள் கடித்தால், வளையம் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுமுன், உள்ளே எந்த எண்ணெய் இருக்கின்றது என்று விசாரித்தல் நன்று. எண்ணெயை மாற்றிய அளவிலே அக்கரகரப்பு நீங்கிய வாகனங்கள் உள.

அமெரிக்கப் பெற்றோலியக் கழகத்தார் கியர் எண்ணெய்களை ஜீ.எல். என்னும் எழுத்துகளோடு எண்ணிட்டு வகுத்துள்ளனர். ஜீ.எல்.-1 என்பது மிகையழுத்தச் சேர்பொருள் இல்லாத வெறுங் கனிய எண்ணெய். ஜீ.எல்.-4 நடுத்தரமானது. ஜீ.எல்.-5 ஹைப்போயிட் அச்சுகளுக்கென்றே வகுக்கப்பட்டது. முன்னையதிற் காணப்படும் சேர்பொருளைப் போல ஏறத்தாழ இருமடங்கு கொண்டது. நான்கினும் ஐந்து பெரிதாகையால் ஐந்தே சிறந்தது என்று கடைக்காரர் சொல்வதும், வாங்குவோர் தலையசைப்பதும் வழக்கமாகிவிட்டன. இவ்வெண்கள் பள்ளிக்கூட வகுப்புகள் போல ஒன்றன்மேலொன்று ஏறுவன அல்ல, வெவ்வேறு வேலைக்குரியன.

பழைய கைந்நூல்களைப் படிப்போர் இன்னொரு மயக்கத்திற்கும் ஆளாவர். 1950களில் அச்சிட்ட கைந்நூலில் கியர்ப்பெட்டிக்கு ஈ.பி. 90 ஊற்றுக என்றிருக்கும். அக்காலத்து ஈ.பி. எண்ணெயின் வலிமை, அமெரிக்க இராணுவத்தார் 1950இல் வகுத்த அளவை ஒத்தது. அஃது இன்றைய ஜீ.எல்.-4இற்கு நேரானது. அதனினும் வலிய எண்ணெய்க்கு இராணுவத்தார் விதி வகுத்தது 1962இல், ஜீ.எல்.-5 அதற்கு ஒப்பானது. ஆகவே பழைய நூல் ஈ.பி. 90 என்று கூறினும், அதனைக் கொண்டு இன்றைய ஜீ.எல்.-5 கலனை வாங்கிக் கியர்ப்பெட்டியில் ஊற்றுதல் நூலாசிரியர் கருதியதன்று. சில கலன்களில் நான்கும் ஐந்தும் சேர்த்துப் பொறிக்கப்பட்டிருக்கும். அத்தகையதை வாங்குமுன் செப்புத் தகட்டுச் சோதனையின் பெறுபேற்றை எண்ணெயின் விவரத்தாளிற் பார்க்க வேண்டும். சூடாக்கிய எண்ணெயில் மெருகிட்ட செப்புத் தகட்டை வைத்தெடுத்து, அதன் நிறமாற்றத்தை 1 முதல் 4 வரை மதிப்பிடுவர். 1 எனின் செம்புக்குத் தீங்கில்லை. 3 எனின் அதனைப் பின்னச்சிற்கு வைத்துக்கொள்க.

இனி, தடிப்பு எண்ணைப் பற்றிய மயக்கம். இயந்திர எண்ணெய் 40, கியர் எண்ணெய் 90. ஆதலாற் பின்னையது இருமடங்கு தடித்தது என்று எண்ணுவோர் பலர். இவை இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். நூறு பாகை செல்சியசில் அளந்தால், இயந்திர எண்ணெய் 40 என்பது 12.5 முதல் 16.3 செந்திஸ்ரோக் வரையும், 50 என்பது 16.3 முதல் 21.9 வரையும் நிற்கும். கியர் எண்ணெய் 90 இன்றைய விதிப்படி 13.5 முதல் 18.5 வரை. ஆகவே 90இன் தடிப்பு ஏறக்குறைய 40இற்கும் 50இற்கும் இடைப்பட்டதே. மொறிஸ் மைனர் செய்தோர் அதன் கியர்ப்பெட்டிக்கு இயந்திர எண்ணெயையே ஊற்றும்படி விதித்ததும், பின்னச்சிற்கு மாத்திரம் ஹைப்போயிட் 90 விதித்ததும் இதனை அறிந்தார்க்கு வியப்பளிக்கமாட்டா. அச்சிறு பெட்டியில் ஜீ.எல்.-5 ஊற்றி, கியர் ஏறவில்லை என்று கிளச்சைக் குறைகூறுவது வீண்.

80டபிள்யூ-90 என்பதில் டபிள்யூ என்னும் எழுத்துக் குளிர்காலத்திற்குரியது. குளிரில் எண்ணெய் இறுகாமைக்கு அளவு. மார்கழிப் பனியிலும் இருபது பாகையளவிலேயே நிற்கும் நம் நாட்டில், 75டபிள்யூ என்ற எண்ணுக்காக மேலதிகப் பணம் கொடுக்க வேண்டிய தேவை மிகச் சிலவற்றிற்கே உண்டு. ரொயோட்டா நிறுவனத்தாரின் பழைய ஹைலக்ஸ் கைந்நூலே, உறைநிலைக்குக் கீழ் 18 பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலையில் டிபறன்சலுக்கு வெறும் 90 போதும் என்கின்றது. பாரமேற்றி மணலில் உழைக்கும் லொறியின் பின்னச்சிற்கு, செய்தவர் அனுமதித்திருப்பின், 85டபிள்யூ-140 பொருந்தும். ஆயின் அதனைக் கியர்ப்பெட்டியில் ஊற்றலாகாது. தடித்த எண்ணெயில் வளையங்கள் மந்தமாகும், சிறு துளைகளூடாக எண்ணெய் செல்லத் தாமதிக்கும்.

சில வாகனங்களைத் தனித்து நோக்குவாம். லண்ட் றோவரின் சீரிஸ் வகைகளிற் கியர்ப்பெட்டி, இடைமாற்றுப் பெட்டி, அச்சுகள் யாவற்றிற்கும் ஈ.பி. 90 ஒன்றே விதிக்கப்பட்டது. றோவர் நிறுவனத்தாரின் சொந்த அச்சு ஹைப்போயிட் அன்று. சுருள்வெட்டுப் பற்கள் கொண்டது. ஆகவே ஜீ.எல்.-4 தொண்ணூறு ஒரே கலனிலிருந்து யாவற்றிற்கும் போதும். பிற்காலத்து நீண்ட வகைகளிற் பின்புறம் சாலிஸ்பரி அச்சுப் பூட்டப்பட்டிருப்பின் அது ஹைப்போயிட், அதற்கு ஜீ.எல்.-5 வேண்டும். பின் வந்த டிபெண்டரில் ஆர் 380 என்னும் கியர்ப்பெட்டி உண்டு. கையால் மாற்றும் பெட்டியாயினும் அதற்கு உரியது, தானியங்கிப் பெட்டிகளுக்கு ஊற்றும் ஏ.ரி.எவ். என்ற சிவந்த மெல்லிய எண்ணெயே. இதனை நம்பாது 90 ஊற்றிய கராஜ்காரர் உளர். காலையில் முதற் கியரைத் தள்ளுவதற்கு இரு கைகளும் வேண்டியிருந்தன. பேஜோ 403, 404 ஆகியவற்றின் பின்னச்சு முற்றிலும் வேறு. அதிற் பெரிய சக்கரம் வெண்கலத்தாலானது, திருகுப்புரியினாற் சுழல்வது. அங்கே ஜீ.எல்.-5 ஊற்றுவது அச்சக்கரத்தை மெல்ல உண்பதற்கு ஆள்வைப்பது போலாகும். 1977இற்குப் பின் வந்த யப்பானிய வாகனங்களிற் சிலவற்றின் கியர்ப்பெட்டிக்கு நான்கும் ஐந்தும் இரண்டும் ஆகும் என்று செய்தவரே எழுதியுள்ளனர். அவ்வாறு எழுதியிருப்பின் ஐயுற வேண்டியதில்லை. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபறன்சல் பூட்டிய ஜீப்புகளில், அதற்கென்று உராய்வு திருத்தும் சேர்பொருள் கலந்த எண்ணெய் வேண்டும். இல்லையேற் திருப்பங்களிற் பின்புறம் நடுங்கி உறுமும்.

1990இன் பின் பெற்றோல் குடாநாட்டிற்கு வாராதிருந்த ஆண்டுகளில், ஒஸ்ரினும் மொறிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய அந்த வித்தை உலகறிந்தது. எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே வடிந்து இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தமையால், இயந்திரங்கள் விரைவிற் தேய்ந்தன. கியர்ப்பெட்டிக்கும் பின்னச்சிற்கும் அவ்வழியால் தீங்கில்லை. அக்காலத்திலே எதை ஊற்றினாலும் வண்டி ஓடிற்றே என்று இன்றும் சிலர் வாதிப்பர். ஓடியது உண்மை. நாடு தட்டையானது, ஏற்றமில்லை, மலையிறக்கமில்லை, வேகமோ சைக்கிளினும் சற்று மிகை. அக்காரின் சிறிய இயந்திரம் அப்பற்களின்மீது சுமத்திய பாரம் சொற்பம். அதே அச்சினைக் கொண்ட வாகனத்தில் இன்று டீசல் இயந்திரம் பூட்டி, ஏ-9 வீதியில் அறுபது மைல் வேகத்திற் கொழும்பு நோக்கிச் செலுத்துவோர்க்கு அவ்வாதம் பொருந்தாது.

ஒழுக்கை அடைப்பதற்காகப் பின்னச்சினுட் கிறீசைத் திணிப்பதும் அக்காலத்து வறுமை விட்டுச்சென்ற பழக்கமே. சுழலும் சக்கரம் கிறீசில் ஒரு வாய்க்காலை வெட்டிக்கொள்ளும். பின்னர் கிறீசு அவ்வாய்க்காலின் கரைகளாய் நிற்குமேயன்றிப் பற்களை அடையாது. ஒழுகும் சீலை மாற்றுதற்குச் செலவாகும் பணம், ஒரு பினியனின் விலையோடு ஒப்பிடுங்கால் அற்பம்.

உப்புநீரைப் பற்றி இங்கு வாழ்வோர் சிறப்பாக அறிய வேண்டும். ஓடிச் சூடேறிய அச்சினுள் இருக்கும் வளி விரிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்திலோ கடலேரியின் ஓரத்திலோ அவ்வச்சு திடீரென மூழ்கினால், உள்ளிருந்த வளி குளிர்ந்து சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். வளி புகுவதற்கென்று அச்சின் மேலே ஒரு சிறு மூச்சுத் துளை உண்டு. அது சேற்றினால் அடைபட்டிருப்பின், சீலின் விளிம்பு வழியே நீர் உட்புகும். மருதங்கேணிப் பக்கத்து மணற்பாதைகளில் ஓடும் வாகனங்களிலும், பண்ணைப் பாலம் கடந்து தீவுப்பகுதி செல்வனவற்றிலும் இம்மூச்சுத் துளையை மாதம் ஒருமுறை கழற்றி மண்ணெண்ணெயிற் கழுவுதல் வேண்டும். நீரில் இறங்கி வந்த மறுநாள் அடித்திருகைச் சிறிது தளர்த்திப் பார்க்க. எண்ணெயினும் நீர் கனமாகையால், நின்ற வாகனத்தில் நீரே முதலில் வடியும். ஓட்டத்திற் கலங்கியிருந்தால் எண்ணெய் பால்விட்ட தேநீர் போலிருக்கும். அப்பொழுது தாமதியாது முழுவதையும் வெளியேற்ற வேண்டும். உப்பு ஓரிரு வாரத்தினுட் தாங்குருளைகளிற் குழி செய்துவிடும்.

எண்ணெய் மாற்றுவோர் முதலிற் கழற்ற வேண்டியது கீழ்த்திருகன்று, நிரப்பும் மேற்திருகே. துருப்பிடித்த மேற்திருகு கழலாதென்பதை, எண்ணெயெல்லாம் வடித்த பின் அறிந்து தவிப்பது கராஜ்களிற் காணும் காட்சி. சிறிது தூரம் ஓட்டிச் சூடான பின் வடித்தால் அடியிற் படிந்ததும் சேர்ந்து வரும். திருகின் காந்தத்தில் மையைப் போன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருத்தல் இயல்பு. நகத்தில் எடுக்கக்கூடிய துண்டு இருப்பின் உறையைத் திறந்து பார்ப்பதே தகும். வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, நிரப்பும் துளையின் விளிம்புவரை ஊற்றினாற் போதும். மேலதிகமாக ஊற்றியது அச்சுக்குழாய் வழியே சென்று பிறேக் பட்டையை நனைக்கும்; அதன் விளைவு எண்ணெய்ச் செலவோடு நில்லாது.

பழைய வாகனம் வாங்கப் போவோருக்கு ஒரு சொல். இரையும் டிபறன்சலினுள் மரத்தூளையோ வாழைப்பழத் தோலையோ இட்டால் இரைச்சல் சில நாட்களுக்கு அடங்கும். இது நம்மூர்த் தரகர் கண்டுபிடித்ததன்று. உலகெங்கும் வழங்கும் பழைய தந்திரம். விலை பேசுமுன் நிரப்பும் துளையில் விரலை விட்டு எடுத்து முகர்ந்து பார்க்கத் தயங்கலாகாது. உதிரியாகப் பீப்பாவிலிருந்து அளந்து தரும் எண்ணெயையும் தவிர்க்க. முத்திரை உடையாத கலனில் ஜீ.எல். எண்ணும் தடிப்பெண்ணும் இரண்டும் பொறித்திருத்தல் வேண்டும்.

வடித்த பழைய எண்ணெயை என் செய்வது? வேலியோரத்தில் ஊற்றுவதும், கறையானுக்கென்று கதியாற் தடிகளின் அடியில் விடுவதும் இன்னும் நிற்கவில்லை. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. நாம் குடிப்பது சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் மழைநீர் இறங்கித் தேங்கியதையே. நீர் இறங்கும் அதே வெடிப்பில் எண்ணெயும் இறங்கும். சுன்னாகத்தில் மின்னிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளிற் கலந்த வழக்கில், அந்நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் அயலவர்க்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. கந்தகமும் பொசுபரசும் கலந்த கியர் எண்ணெய், ஒரு போத்தலாயினும், அக்கிணறுகளுக்கு உகந்ததன்று. மூடியுள்ள வெறுங்கலனொன்றில் அதனைச் சேர்த்து வைத்து, கழிவெண்ணெய் வாங்கும் கராஜிற்கோ சேவை நிலையத்திற்கோ கொடுத்துவிடுக.